ஒன்பது திரி, எட்டுச் சத்தம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கிற மலை ஒரு எரிமலை என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் சொன்னார். ஆதாரம் கேட்டவர்களை அவர் எதிரியாகப் பார்த்தார். ஆதாரம் கேட்காமல் தலையாட்டியவர்களை முட்டாளாகப் பார்த்தார். இந்த இரண்டிலும் சேராத ஆளை நான் அவர் பக்கத்தில் கண்டதில்லை.

அவரைத் தேடி நான் போகவில்லை. ஒரு வேலையை உதறிவிட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி வெளுத்து அனுப்புகிற பட்டறை அது. ஆறு மாதம் பிளீச்சிங் தண்ணீரில் கிடந்து என் உள்ளங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. கையில் சுற்றிக்கொள்ள ஒரு முழம் துணி கேட்டேன். "அது ஆர்டர் துணி" என்றார் மேலாளர். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்ததிலிருந்து அது என்னுடைய பதினோராவது கிளம்பல். முப்பது வயது தாண்டியிருந்ததால் அழுகையெல்லாம் வரவில்லை. பசிதான் வந்தது.

மாந்தோப்புகளுக்கு நடுவே வண்டிப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் "டமார்!" என்றது. நின்றேன். அடுத்து ஒரு பெண் குரல், கூச்சத்தோடு, "டமார்." அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நடுவில் ஒரு குரல் மட்டும் வெறுப்போடு "உள்ளேன்" என்றது. மொத்தம் எட்டுக் குரல். எட்டாவது என் காதருகில் கேட்டதும் என்னை அறியாமல் "ஏ, யாருப்பா அது?" என்று கத்திவிட்டேன்.

"ஒம்பது!" என்றது ஒரு பெரிய குரல்.

தோப்புக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் துண்டு. இடது கையில் மூன்று விரல்தான். வலது காது சுட்ட அப்பளம் மாதிரி சுருங்கியிருந்தது. மலையேறுகிறவர்கள் கைத்தடி வைத்திருப்பார்கள். இவர் கடப்பாரை வைத்திருந்தார்.

"எட்டுத் திரிதான கொளுத்துனேன், ஒம்பது சத்தம் எப்படி வந்துச்சு? யாருலே நீ?"

"வழிப்போக்கன், அண்ணாச்சி. போய்க்கிட்டே இருக்கேன்."

"எங்க?"

"தெரியல."

"எங்க போறோம்னு தெரியாதவன் தனியா போகக் கூடாது. எண்ணிக்கையில வந்துட்ட. இனி நடை முடியிற இடத்துலதான் உன்னைய விடுவேன். வரிசையில நில்லு."

என் பையில் ஒரு லுங்கியும் பாதி சோப்பும் இருந்தன. அவருக்குப் பின்னால் தோப்பிலிருந்து வந்த எட்டுப் பேரிடம் கட்டுச்சோறு இருந்தது. வரிசையில் நின்றேன்.

அவர்தான் எரிமலை அண்ணாச்சி. சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கிணறுகளில் பாறைக்கு வெடி வைப்பது அவர் தொழில். மம்சாபுரம் பக்கம் ஒரு கிணற்றில் அறுபதடிக்குக் கீழே கரிக்கட்டை மாதிரி ஒரு கருங்கல் கிடைத்ததாம். அதைத் தோளில் தூக்கிவந்து டீக்கடை மேசையில் வைத்து, "இது எரிஞ்ச கல்லு. மேல இருக்கது எரிமலை" என்று அறிவித்திருக்கிறார். மேசையின் கால் முறிந்தது. அதையும் எரிமலையின் வேகத்துக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்.

வெடித்தொழிலை விட்ட பிறகு அதே டீக்கடையில் ஒரு தகரப் பலகை மாட்டினார். "எரிமலை நடை. இரண்டு நாள். பள்ளத்தாக்கு உண்டு. ஆதி மனிதர் குகையில் தங்கல் உண்டு. செருப்பு அறுந்தால் பொறுப்பில்லை." சினிமாவையும் கோயில் கொடைத் திருவிழாவையும் விட்டால் வேறு பொழுதுபோக்குத் தெரியாத ஊர்களில் இதற்கும் ஆள் வந்தது. மலையடியில் ராஜபாளையத்து மாந்தோப்பில் தொடங்கி, வடக்கே மம்சாபுரம் பக்கம் இறங்குவது அவர் வழி.

வழிகாட்டுவதிலும் அவர் கிணற்று வழக்கத்தைத்தான் வைத்திருந்தார். கிணற்றுப் பாறையில் குழி போட்டு, மருந்து வைத்து, திரி கொளுத்திவிட்டு மேலே ஓடி வந்து படுத்துக்கொண்டு சத்தத்தை எண்ணுவார்கள். ஏழு திரி கொளுத்தினால் ஏழு சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் யாரும் கிணற்றில் இறங்கலாம். நடையிலும் அப்படியே. தோப்பு தாண்டினால் எண்ணிக்கை, ஓடை வந்தால் எண்ணிக்கை, குகைக்குள் நுழையுமுன் எண்ணிக்கை. ஒவ்வொருவரும் "டமார்" என்று கத்த வேண்டும். மில்லில் வேலை பார்க்கும் செல்லையா லாரி டயர் வெடித்த மாதிரி கத்துவார். அவர் மனைவி பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கத்துவார்.

"உள்ளேன்" என்ற குரல் டீச்சருடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது வருடம் பூகோளம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். சர்ச்சுக்குப் போவதுபோல் வெள்ளைச் சேலை, கையில் குடை. டமார் என்று கத்துவது தன் பதவிக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்வதை இவர் சொன்னார். அண்ணாச்சி அதைச் சகித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது.

சாம்பல் அணிலுக்குச் சரணாலயம் என்று காட்டுக்குக் கேட் போட்ட புதிது அது. "அணிலு நடக்கலாம், மனுசன் நடக்கக் கூடாதா?" என்று அண்ணாச்சி கேட்டில் நின்று நியாயம் கேட்டுக்கேட்டு, காவலுக்கு நின்ற கார்டுக்குச் சலித்துப்போனது. கடைசியில் கார்டு ஒரு வழி சொன்னார். இந்த ஒரு நடைக்கு விடுவார். படித்தவர் ஒருவர் கூட வந்து, இது பத்திரமான நடை என்று எழுதிக் கொடுத்தால் ரேஞ்சரிடம் பாஸ் வாங்கித் தருவார். இல்லையென்றால் கேட் இனி அண்ணாச்சிக்குத் திறக்காது. ரேஞ்சர் டீச்சரிடம் படித்தவர். ஆகவே அண்ணாச்சி டீச்சரை வீடு தேடிப்போய் அழைத்து வந்திருந்தார். அவருடைய மலை முழுவதும் டீச்சரின் பேனாவில் இருந்தது.

அப்படிப்பட்டவரிடம் ஒரு மனிதர் எப்படி நடந்துகொள்வார்? நீங்களும் நானும் குடை பிடிப்போம். அண்ணாச்சி அடிக்கு அடி சண்டை பிடித்தார்.

மத்தியானம் ஒரு பெரிய கரும்பாறையில் கையை வைத்து, "தொட்டுப் பாருங்க டீச்சரம்மா. உள்ள இன்னும் அணையல. எம்புட்டுச் சூடு பாத்தீங்களா?" என்றார்.

"மணி ஒண்ணு. இந்த வெயில்ல உங்க தலையத் தொட்டாலும் சுடும்" என்றார் டீச்சர். "இந்த மலையில எரிமலை எந்தக் காலத்துலயும் கிடையாது. புத்தகத்துல தெளிவா இருக்கு."

"புத்தகம் எழுதுனவரு கெணத்துல எறங்கிப் பாத்தாரா?"

"நீங்க வானத்துல ஏறியா நிலாவப் பாத்தீங்க? இருக்குன்னு நம்பலையா?"

"நிலாவ நான் எண்ணியிருக்கேன். ஒண்ணுதான் இருக்கு."

செல்லையா சிரித்ததில் அவருக்குப் புரையேறியது.

குகைகளில் சண்டை இன்னும் முற்றியது. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உள்ளே பத்துப் பேர் படுக்கிற அளவுக்கு நாலைந்து பொந்துகள். அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கடப்பாரையால் காட்டினார். இது ஆதி மனிதனின் படுக்கையறை. இது அவன் தானியம் வைத்த மாடம். இது அடுப்பங்கரை, கரி பிடித்திருப்பதைப் பாருங்கள். டீச்சர் குனிந்து, கரிக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியைக் குடை நுனியால் வெளியே தள்ளினார். பக்கத்தில் இரண்டு பீடித் துண்டு.

"போன மாசம் ஆடு மேய்க்கிறவங்க கஞ்சி காய்ச்சியிருக்காங்க" என்றார்.

"ஆதி மனுசன் பீடி குடிக்கலன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

அன்று அங்கேயே தங்கினோம். எனக்கு அந்தக் குகையில் நல்ல தூக்கம். கூரை ஒழுகாத இடத்தில் படுத்து வெகு நாளாகியிருந்தது.

மறுநாள் காலை, கீழே இறங்கும்போது, அண்ணாச்சி எல்லை தாண்டிவிட்டார். டீச்சர் ஏதோ ஒரு செடியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். இவர் குறுக்கே போய், "முப்பது வருசமா பிள்ளைகளுக்கு எம்புட்டுத் தப்புச் சொல்லிக் குடுத்திருப்பீங்களோ, பாவம்" என்றார். டீச்சர் வாயை மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கே கஷ்டமாக இருந்தது. பேச்சியம்மாள் மெதுவாக, "அண்ணாச்சி, அவிய கையிலதான ஒங்க கடுதாசி இருக்கு" என்றார். "இருக்கட்டும், அதுக்காக எரிமலைய அணைச்சிர முடியுமா?" என்றார் இவர்.

பத்து மணி சுமாருக்கு ஓடை வந்தது. நீர் என்று பெயருக்குக் கொஞ்சம் நடுவில் ஓடியது. மற்றதெல்லாம் உருண்டைக் கல். தாண்டினால் அந்தப் பக்கம் ஒரு மணி நேரத்தில் கேட். அண்ணாச்சி வழக்கம்போல் ஓடைக்கு முதுகைக் காட்டி நின்று எண்ணத் தொடங்கினார்.

டமார். டமார். டமார். என் டமாரும் போனது.

"எட்டு" என்றார். "இன்னொருக்க."

மறுபடியும் எட்டு. டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு தூரத்து மரத்தைப் பார்த்து நின்றார். உள்ளேனும் இல்லை, டமாரும் இல்லை.

செல்லையாவுக்குச் சாயங்கால ஷிப்ட். அவர் பொறுமை இழந்தார். "டீச்சர் இங்கதான நிக்காக! கண்ணு தெரியலையா அண்ணாச்சி?"

"கண்ணு தெரியுது. கண்ண நான் நம்புறதில்ல. கெணத்துல தூசி அடங்குன பொறவு பாத்தா எல்லாக் குழியும் வெடிச்ச மாதிரிதான் தெரியும். சத்தந்தான் கணக்கு."

"அப்ப ரெண்டு பேரு சேந்து கத்தியிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணாக் கேட்டிருக்கும். வாங்க, போவோம்."

அண்ணாச்சியின் முகம் மாறியது. இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டார். பாதையின் நடுவில், ஓடைக்கு முதுகு காட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கூட்டாளியும் இதத்தான் சொன்னான்" என்றார். "ஏழு திரி. ஆறு சத்தம். 'ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்லே, சாப்பாட்டு நேரமாச்சு, எறங்கு'ன்னான். எனக்கும் பசி. சரின்னுட்டேன். அவன் முன்னால எறங்குனான், நான் பின்னால." மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு ரெண்டு விரலும் ஒரு காதும் போச்சு. அவன் மேல வரல."

செல்லையா தோளில் கிடந்த பையை இறக்கிக் கீழே வைத்தார்.

"ஒம்பது கேக்காம இந்த எடத்த விட்டு நான் எந்திரிக்க மாட்டேன். ஒங்களையும் விட மாட்டேன். கேட்டு மூடுனா மூடட்டும்."

டீச்சர் மரத்திலிருந்து பார்வையைத் திருப்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் மேலேயிருந்து அந்த இரைச்சல் வந்தது. மலை உச்சியில் மழை பெய்வது கீழே வெயிலில் நிற்பவனுக்குத் தெரியாது. ஓடை செம்மண் நிறத்தில், ஆள் உயரத்துக்கு, வேரோடு ஒரு மரத்தையும் சுமந்துகொண்டு வந்தது. நாங்கள் கால் வைத்துத் தாண்டியிருக்க வேண்டிய கற்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பேச்சியம்மாள் செல்லையாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்பது பேரும் வாய் பிளந்து நின்றோம். இன்னும் அந்தப் பழைய கிணற்றுக்குள்ளேயே இருந்த அண்ணாச்சிக்கு முதுகுக்குப் பின்னால் வந்த இரைச்சல் எட்டவில்லை; தன் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் இப்படி உருகி நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

டீச்சர் அவர் பக்கத்தில் போய், மெல்ல, "டமார்" என்றார்.

"கேக்கல."

"டமார்."

"அந்தப் பக்கம் செவிடு, டீச்சரம்மா. இந்தப் பக்கம் வாங்க."

டீச்சர் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். மூச்சை இழுத்தார். ஒரு பள்ளிக்கூட மைதானத்தை மைக் இல்லாமல் அடக்கி வைத்திருந்த குரல் அது. வெள்ளத்தின் சத்தத்தையும் மீறி "டமார்!" என்று பாறையில் மோதித் திரும்பியது.

"ஒம்பது" என்றார் அண்ணாச்சி திருப்தியாக. கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இப்பப் போகலாம்" என்று திரும்பியவர் அப்படியே நின்றார்.

"அடடே. தண்ணி வந்துருச்சா?"

வெள்ளம் வடிய மூன்று மணி நேரம் ஆனது. செல்லையாவின் ஷிப்ட் போயிற்று. அவர் மிச்சமிருந்த கட்டுச்சோற்றைப் பிரித்து முதலில் அண்ணாச்சியிடம் நீட்டினார். அந்த நேரத்தில் டீச்சர் பாறையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதி முடித்தார். அண்ணாச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன்: "இவர் காட்டின் குறிப்பறிந்தவர். ஓடையில் வெள்ளம் வரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து எங்களைத் தடுத்து நிறுத்தினார். இவருக்கு அனுமதி வழங்கலாம்."

"யாரு உணர்ந்தா?" என்றார் அண்ணாச்சி.

"நீங்கதான்."

"நான் எங்க உணர்ந்தேன்? எனக்குச் சத்தமே கேக்கல. நீங்க கத்தலன்னு உக்காந்தேன். அத எழுதுங்க."

"அத எழுதினா சிரிப்பாங்க. இத எழுதினா அந்த ரேஞ்சர் பையன் உடனே கையெழுத்துப் போட்டிருவான். எனக்கு அவனத் தெரியும்."

"நாளைக்கு இன்னொருத்தன் ஆளுகளக் கூட்டிட்டு வருவான் டீச்சரம்மா. இந்தக் கடுதாசியப் பாத்துட்டு அவனும் மேகத்தப் பாப்பான், காத்தப் பாப்பான், பெரிய ஆளு மாதிரி மோந்து பாப்பான். எண்ண மாட்டான். எண்ணிக்கை கொறஞ்சுது, நின்னோம். அம்புட்டுத்தான் நடந்துச்சு. அம்புட்டையும் எழுதுங்க."

"கேட்ட மூடிருவாங்க."

"மூடட்டும். மலையத் தூக்கிட்டா போயிருவாங்க?"

டீச்சர் தாளைக் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார்.

"அப்படியே எரிமலைன்னும் ஒரு வரி..." என்று தொடங்கினார் அண்ணாச்சி.

"அது மட்டும் முடியாது" என்றார் டீச்சர், நிமிராமலே.

இரண்டாவது கடிதத்தில் எல்லாம் நடந்தபடி இருந்தது. திரி, சத்தம், டமார், எட்டு, ஒன்பது, எல்லாம். கடைசியில் டீச்சர் தானாகச் சேர்த்த ஒரு வரி: "நான் குரல் கொடுக்காதது என் பிழை." அதை நான் வாசித்தபோது அண்ணாச்சி, "அது எதுக்கு? சும்மா போங்க" என்று முணுமுணுத்து, கடப்பாரையால் தரையைக் கீறினார்.

கேட்டில் கார்டு கடிதத்தை வாங்கிப் படித்தார். சிரித்தார். அங்கே நின்ற இன்னொருவரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டி மறுபடியும் சிரித்தார். அப்புறம் அண்ணாச்சியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். பாவம், அவரும் கெட்ட மனிதர் இல்லை.

"ஏன்யா, வெள்ளம் வரும்னு தெரிஞ்சு நின்னேன்னு ஒரு வார்த்த சொல்லேன். பாஸ் என்னய்யா பாஸ், ரேஞ்சர்ட்டச் சொல்லி வாட்சர் வேலையே வாங்கித் தாரேன்."

"தெரியாதத தெரியும்னு சொல்ற ஆளு கூட நான் எறங்குறதில்ல."

"எரிமலைன்னு மட்டும் ஊரு பூரா சொல்லுத?"

"அது தெரியும்" என்றார் அண்ணாச்சி.

"இத ரேஞ்சர்ட்டக் காட்ட முடியாதுய்யா" என்று கார்டு கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் வெளியே வந்ததும் கேட்டைப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். இனி உள்ளே பார்த்தால் கேஸ்தான் என்று சொன்னார்.

அண்ணாச்சி எங்களை ரோட்டோரம் வரிசையாக நிறுத்திக் கடைசித் தடவையாக எண்ணினார். டீச்சர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனங்களுக்கு முன்னால், குடையை விரித்தபடி, கூச்சமில்லாமல் "டமார்" என்றார். ஒன்பது.

"எல்லாத் திரியும் வெடிச்சாச்சு. வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் மட்டும் ஊர்ப்பக்கம் திரும்பாமல் கம்பி வேலி ஓரமாக நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, எங்க போறீங்க?" என்று கத்தினேன். இரண்டாவது தடவைதான் அவருக்குக் கேட்டது.

"இந்த வேலி எங்க முடியுதுன்னு பாக்கணும்லே."

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மம்சாபுரத்துக்கு இந்தப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்திடம் வேலை கேட்டேன். என்ன தெரியும் என்றார் மேஸ்திரி. எதையும் செய்வேன், எதிலும் ரொம்ப நாள் இருக்க மாட்டேன் என்றேன். சிரித்துவிட்டுக் கல் சுமக்க வைத்துக்கொண்டார். முதல் வேலையே வெடிக்குப் பிறகு இறங்கிக் கல் அள்ளுவது. ஐந்து குழியில் மருந்து வைத்தார்கள். "வேட்டு! வேட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடி, மண்மேட்டுக்குப் பின்னால் எல்லோரும் படுத்தோம். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அப்புறம் தூசி. அப்புறம் காக்காய்கள் திரும்பி வந்து கத்தின.

மேஸ்திரி எழுந்து வேட்டியை உதறினார். "ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்லே. எறங்கு எறங்கு, வெயிலு ஏறுமுன்ன கல்ல அள்ளணும்."

இறங்குவதற்காகக் கையில் எடுத்திருந்த கயிற்றை நான் தரையில் போட்டேன். கிணற்று மேட்டில், பாதையின் நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏலே, முத நாளேவா? என்னலே உக்காந்துட்ட?"

"எண்ணிக்கை கொறையுது" என்றேன். மேஸ்திரி இரண்டடி தள்ளித்தான் நின்றார். அவருக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. ஆனாலும், வேலி ஓரமாக நடந்துகொண்டிருக்கிற, ஒரு பக்கம் காது கேட்காத ஒருவருக்கும் எட்டட்டும் என்று, மலையைப் பார்த்துக் கத்தித்தான் சொன்னேன்.